வலிப்பு நோயா, மனவழி வலிப்பா: எந்த இ.இ.ஜி. எடுப்பது?

வாரத்துக்கு இரண்டு தடவை ஃபிட்ஸ் வருகிறது. மூன்று வகை மாத்திரை ஓடுகிறது. எம்.ஆர்.ஐ. நார்மல். முன்பு எடுத்த இ.இ.ஜி.யும் (தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் டெஸ்ட்) நார்மல். இப்போது நியூரோ டாக்டர், "இது மனவழி வலிப்பாகவும் இருக்கலாம், வீடியோ இ.இ.ஜி. பார்த்துவிடலாம்" என்கிறார். மூளையின் மின்கோளாறால் வராமல், மனதின் பாரத்தால் வருவதுதான் மனவழி வலிப்பு. இ.இ.ஜி.யோடு கேமராவும் ஓடினால் அது வீடியோ இ.இ.ஜி. உடனே வீட்டில் குழப்பம். பழைய இ.இ.ஜி.யையே இன்னொரு தடவை எடுத்தால் ஆகாதா? நாலு மணி நேர டெஸ்ட் போதுமா, நாலு நாள் அட்மிட் ஆக வேண்டுமா? வயரை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போகலாம் என்கிறார்களே, அது சரிப்படுமா?

நான் இ.இ.ஜி. லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை, தலையில் வயர் ஒட்டுகிறவனிடம் கேட்டுவிடுவார்கள். நோய் இன்னது என்று சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் எந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்பதை தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில், ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று பெரிய மையங்களுக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இருப்பது மனவழி வலிப்பு என்று பல நாட்டு மையங்களும் எழுதியிருக்கின்றன. இவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள். ஜெர்மனியில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் வலிப்புக்கும் சரியான நோய்க்கணிப்புக்கும் இடையே சராசரியாக 7 வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது. அந்த ஏழு வருடமும் தேவையில்லாத மருந்து உள்ளே போயிருக்கும். அதில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை இருந்து, அந்தப் பெண் கர்ப்பமானால், குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அப்புறம் ஐ.சி.யு. ஆபத்து. மனவழி வலிப்பு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் நீளக்கூடியது. அதை விடாத வலிப்பு என்று நினைத்து ஊசிக்கு மேல் ஊசி போட்டு, மூச்சு மந்தமாகி, டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தவர்கள் உண்டு. விடாத வலிப்புக்கு எந்த மருந்து நல்லது என்று பார்த்த அமெரிக்கப் பெரும் ஆய்வு ஒன்றிலேயே (2019), சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு வந்தது மனவழி வலிப்பு என்று பிறகு தெரிந்தது. அவசரப் பிரிவில் தேர்ந்த டாக்டர்கள் கண்ணுக்கே தப்புகிறது என்றால், வீட்டில் பார்க்கிறவர்கள் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்தானது. உண்மையான வலிப்பு நோயை "மனசுதான் காரணம்" என்று ஒதுக்கி மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே வினையாகலாம். அதனால்தான் இரண்டு பக்கமும் ஊகத்தில் முடிவெடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனவழி வலிப்பு நடிப்பு இல்லை. கீழே விழுவதும் உதறுவதும் அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. மனதின் பாரம் உடல் வழியாக, அவர்களுக்குத் தெரியாமலே, இப்படி வெளிவருகிறது. "நடிக்கிறா" என்று சொந்தக்காரர் ஒருவர் அவள் காதுபடச் சொல்லிவிட்டால், எந்த டெஸ்ட் எடுத்தும் பிறகு அந்தப் பெண் டாக்டரை நம்ப மாட்டாள்.

வலிப்பு வரும்போது பதிவானதா, வராதபோது பதிவானதா?

எல்லா இ.இ.ஜி.யும் தலையில் சுமார் 21 எலக்ட்ரோடு (வயர் முனை) ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவதுதான். வித்தியாசம் எல்லாம் எப்போது பதிகிறோம், எவ்வளவு நேரம் பதிகிறோம், கூடவே கேமரா இருக்கிறதா என்பதில்தான்.

சாதாரண இ.இ.ஜி. 20 முதல் 30 நிமிடம். கண்ணை மூடித் திறக்கச் சொல்வோம், மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வோம், கண்ணுக்கு நேரே லைட் விட்டுவிட்டு மின்னும். அந்த அரை மணியில் வலிப்பு வருவது அபூர்வம். வலிப்பு இல்லாத நேரத்திலும் சில மூளைகள் வெளிக்காட்டும் கூர்மையான அலைகளைத்தான் அதில் தேடுகிறோம். முதல் தடவையிலேயே அவை தெரிவது, வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே சுமாராகப் பாதிப் பேருக்குத்தான், சில ஆய்வுகளில் அதைவிடக் குறைவு. ஆக, நார்மல் ரிப்போர்ட் வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. மறுபக்கமும் உண்டு. இயல்பான சில அலைகள் பார்வைக்குக் கூர்மையாக இருக்கும். அனுபவம் குறைந்த கண் அதை "அப்நார்மல்" என்று எழுதிவிட்டால், அந்த ஒரு வரி ஃபைலில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கூடவே வரும். மனவழி வலிப்புக்கு மாத்திரை கொடுக்கப்பட்ட பலருடைய பழைய ஃபைலைத் திறந்தால் உள்ளே இப்படி ஒரு ரிப்போர்ட் இருக்கும்.

ராத்திரி தூங்காமல் வந்து எடுக்கும் இ.இ.ஜி. இதைவிட ஒரு படி மேல். தூக்கமின்மையும், அதன்பின் லேபில் வரும் தூக்கமும் அந்தக் கூர் அலைகளை வெளியே இழுத்துவரும். காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும் பதின்வயதினரிடம் இது நன்றாகவே உதவும். ஆனால் கேட்கிற கேள்வி "இந்தப் பெண்ணுக்கு வருகிற இந்த வலிப்பு எது?" என்றால், இதுவும் நேரடிப் பதில் தராது. மூன்று தடவை எடுத்து மூன்றும் நார்மல் என்று கவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது: நாலாவது வேண்டாம், அந்தப் பணத்தை வலிப்பைப் பதிவு செய்யும் டெஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வரும்போது திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். உண்மையான வலிப்பில் ஓரிடத்தில் சிறிய தாளம் ஒன்று கிளம்பும். சில நொடியில் அதன் உயரம் கூடும், வேகம் மாறும், பக்கத்து எலக்ட்ரோடுகளுக்குப் பரவும். பெரும்பாலும் ஒன்று இரண்டு நிமிடத்தில் சட்டென்று நிற்கும். பிறகு மூளை களைத்துப்போன மாதிரி மெதுவான அலைகள். மனவழி வலிப்பில் திரை முழுக்கக் கருகருவென்று கோடுகள் இருக்கும். அது மூளையின் அலை இல்லை, தசை உதறுவதன் நிழல். அந்த உதறலின் வேகம் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும். நடுவில் இரண்டு நொடி கை ஓய்ந்தால், கறுப்பு விலகி, தலையின் பின்பக்கத்து எலக்ட்ரோடுகளில் வினாடிக்கு 9, 10 என்று ஆல்ஃபா அலை தெளிவாக ஓடும். கண் மூடி, விழித்திருக்கும் மூளையின் அலை அது. கூப்பிட்டால் பதில் இல்லை, கிள்ளினால் அசைவில்லை, ஆனால் மூளை விழித்திருக்கிறது. இந்தக் காட்சியைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆறு மணி நேரமா, வீட்டுக்கா, அட்மிஷனா?

வலிப்பைப் பதிவு செய்ய மூன்று வழி இருக்கின்றன.

குறுநேர வீடியோ இ.இ.ஜி. காலையில் வந்து மாலையில் போய்விடலாம், இரண்டு முதல் ஆறு மணி நேரம். இதில் தூண்டல் என்று ஒன்று செய்வார்கள். "இப்போது வேகமாக மூச்சு விடுங்கள், லைட் போடுவோம், உங்களுக்கு வழக்கமாக வருகிற வலிப்பு வரக்கூடும், வந்தால் பயப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லிச் செய்வது. மனவழி வலிப்பு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதிலேயே வந்துவிடும். செலவும் குறைவு, படுக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நம் ஊர் நிலவரத்துக்கு நான் இதைத்தான் முதலில் வைப்பேன். ஒரு நிபந்தனை உண்டு. உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றி "இது ஃபிட்ஸை வரவழைக்கும் மருந்து" என்று பொய் சொல்லும் பழைய முறை வேண்டாம். டாக்டர் ஏமாற்றினார் என்று பின்னால் தெரிந்தால், மனதைத் திறந்து பேச வேண்டிய சிகிச்சை ஆரம்பத்திலேயே கெட்டுப்போகும். உண்மையைச் சொல்லித் தூண்டினாலே பெரும்பாலும் வருகிறது.

இந்த டெஸ்டில் ஒரு முக்கியமான வேலை குடும்பத்தாருடையது. பதிவான வலிப்பு வீட்டில் வருகிற அதே வலிப்பா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு அம்மாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டி, "வீட்டில் வருவதும் இதே மாதிரிதானாம்மா?" என்று கேட்டேன். "இதேதான் தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா சில நாள் தூக்கத்துல வேற மாதிரி வரும், அன்னிக்குக் காலையில நாக்கு ஓரமா கடிச்சிருக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் அடுத்த வாரம் அட்மிஷன் போட்டார்கள். மனவழி வலிப்பு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வலிப்பு நோயும் சேர்ந்தே இருக்கும். தூண்டலில் வந்தது ஒன்று, தூக்கத்தில் வருவது வேறு என்றால், இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்தால்தான் எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதைத் தொடரணும் என்று முடிவெடுக்க முடியும்.

வீட்டுக்கு மாட்டிக்கொண்டு போகும் இ.இ.ஜி.க்கு ஒரே ஒரு பலம். சிலருக்கு ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வைத்தாலும் வராது, வீட்டுச் சமையலறையில்தான் வரும். இடுப்பில் சின்னப் பெட்டி, தலையில் கட்டு, ஒன்றிலிருந்து மூன்று நாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பல இடங்களில் இதோடு கேமரா வராது, வலிப்பின்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோதிக்க ஆள் இருக்காது. மே மாத வெயிலில் வேர்வையே பெரிய அலையாகப் பதிவாகும், இரண்டாம் நாள் நாலு எலக்ட்ரோடு கழன்றிருக்கும். மாத்திரையைக் குறைத்துப் பார்க்கவும் முடியாது, வீட்டில் அது ஆபத்து. வீட்டில் மட்டுமே, அதுவும் தினமும் வருகிறவர்களுக்கு இதைத் தேர்ந்தெடுக்கலாம், கூடவே யாராவது செல்போனில் எடுக்கத் தயாராக இருந்தால். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அட்மிட் செய்து எடுக்கும் நீள வீடியோ இ.இ.ஜி.தான் கடைசிச் சொல் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் இதற்கென்று தனி ஏற்பாடே இருக்கிறது. படுக்கைக்கு மேலே கேமரா, பக்கத்தில் ஒரு பட்டன், நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர். அந்த ஈ.சி.ஜி. ரொம்ப முக்கியம், ஏனென்றால் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. இதயத் துடிப்பு சில நொடி நின்று மயங்கி விழுகிறவர்களுக்கும் கை கால் வெட்டும், பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். அது தெரியாமல் நரம்பா மனமா என்று அலைந்துகொண்டிருப்பார்கள்.

எத்தனை நாள்? கேள்வி மனவழி வலிப்பைப் பற்றி மட்டும் என்றால், வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடுகிறது. ஐந்து நாள், ஒரு வாரம் என்பது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு முன் மூளையில் இடம் தேடும்போதுதான். ஆகவே "இரண்டு நாளுக்கு முதலில் போடலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

இங்கே மாத்திரையைக் குறைப்பார்கள். உண்மையான வலிப்பு நோய் இருந்தால் பெரிய வலிப்பு வரலாம் என்பதால்தான் ஆஸ்பத்திரிக்குள் வைத்துச் செய்கிறார்கள். 2013-இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, கண்காணிப்பு அறைகளிலேயே நடந்த வலிப்பு மரணங்களை ஆராய்ந்தது. பெரும்பாலானவை இரவில், பார்க்க ஆள் குறைந்த நேரத்தில் நடந்தவை. அட்மிஷன் போடுமுன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை. "ராத்திரி இரண்டு மணிக்குத் திரையைப் பார்க்க ஆள் இருக்கிறாரா?" என்பதுதான். கேமரா மட்டும் ஓடுகிறது, காலையில் பார்ப்போம் என்றால் அங்கே மாத்திரையைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள்.

கடைசிச் சொல் என்றேனே, அதற்கும் எல்லை உண்டு. நெற்றிப் பக்கத்து மூளையில் கிளம்பும் வலிப்பு பார்க்க விசித்திரமாக இருக்கும். தூக்கத்தில் திடீரென்று எழுந்து சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அடிப்பது, கத்துவது, அரை நிமிடத்தில் முடிவது. மண்டை ஓட்டுக்கு வெளியே ஒட்டிய எலக்ட்ரோடில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். நினைவு தப்பாமல் ஒரு கை மட்டும் இழுக்கும் சிறு வலிப்பும் அப்படித்தான். இப்படிப்பட்ட ஆட்களைப் பேய் என்றும் மனம் என்றும் சொல்லி அலைக்கழிப்பது நடக்கிறது. தூக்கத்தில் இருந்து, தினமும் அச்சடித்த மாதிரி ஒரே விதமாக, சுருக்கமாக வருகிறது என்றால், "வலிப்பின்போது இ.இ.ஜி. நார்மல்" என்ற ஒற்றை வரியை வைத்து மனவழி என்று முடிவுசெய்ய விடாதீர்கள். நினைவு தப்பி உடல் முழுக்க உதறும்போது இ.இ.ஜி. நார்மலாக இருந்தால் மட்டுமே அது உறுதியான சாட்சி.

மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்றால்

அப்போது அட்மிஷன் பெரும்பாலும் பணவிரயம். வராத வலிப்புக்கு நாலு நாள் படுத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். இவர்களுக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன்தான் நல்ல கருவி. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், செல்போன் வீடியோவை மட்டும் பார்த்து வலிப்பு நோய்தானா என்று நிபுணர்கள் சொன்னது, வீடியோ இ.இ.ஜி. முடிவோடு 89 சதவீதம் ஒத்துப்போனது. பன்னாட்டு வலிப்பு நோய்க் கழகம் 2013-இல் மனவழி வலிப்புக்கு நான்கு படி உறுதி வகுத்தது. வீடியோ இ.இ.ஜி. உச்சிப் படி. ஆனால் வலிப்பின் வீடியோவை டாக்டர் பார்த்து, சாதாரண இ.இ.ஜி.யும் நார்மலாக இருந்தால், அதற்கும் கீழிருந்து இரண்டாம் படியில் இடம் கொடுத்திருக்கிறது. வசதி இல்லாத இடத்திலும் சிகிச்சையைத் தொடங்க அது போதும்.

வீடியோ எடுக்கும்போது முகம், முக்கியமாகக் கண், தெரிய வேண்டும். உண்மையான வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்திருக்கும், மனவழியில் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும். பிறகு முழு உடலும் தெரியும்படி ஒரு அடி பின்னால் போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், "மாம்பழம், ஞாபகம் வச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், தெளிந்த பிறகு கேளுங்கள். நின்றதும் அணைத்துவிடாமல், எழுந்து பேசும்வரை எடுங்கள். வலிப்பு முடிந்தபின் வரும் குறட்டை மூச்சும் டாக்டருக்கு ஒரு தடயம். கையில் சாவிக்கொத்து கொடுத்ததும் நின்றது என்பது இரண்டு பக்கத்துக்கும் சாட்சி ஆகாது, வலிப்பு தானாகவே நிற்கும் நேரத்தில்தான் சாவி கைக்கு வந்திருக்கும். சிறுநீர் போனதும் அடிபட்டதும் இரண்டிலும் நடக்கும்.

ரத்தத்தில் ப்ரோலாக்டின் (உண்மையான வலிப்புக்குப் பின் கூடக்கூடிய ஒரு ஹார்மோன்) பார்ப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். வலிப்பு வந்த 10 முதல் 20 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அதற்கு மதிப்பு, நார்மலாக வந்தால் எதையும் நிரூபிக்காது. வீட்டில் வலிப்பு வந்து ஆட்டோ பிடித்து வருகிறவர்களுக்கு அது உதவாது.

ஆகவே என் வரிசை இது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையோ அதற்கு மேலோ, பகலில், விழித்திருக்கும்போது வருகிறதா? முதலில் குறுநேர வீடியோ இ.இ.ஜி. அதில் வராவிட்டால், அல்லது இரண்டு வகை வலிப்பு இருந்தால், அல்லது தூக்கத்தில் வந்தால், அட்மிஷன். மாதம் ஒரு தடவை என்றால் செல்போன் வீடியோ, ஒரு சாதாரண இ.இ.ஜி., வலிப்பை நன்கு தெரிந்த நியூரோ டாக்டர் ஒருவர்.

எந்த டெஸ்டுக்கு வந்தாலும் முதல் நாள் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளியுங்கள். எண்ணெய் வேண்டாம், பூ வேண்டாம். தேங்காய் எண்ணெய் தலையில் பேஸ்ட் ஒட்டாது, அரை மணி நேரம் துடைப்பதிலேயே போய்விடும். அட்மிஷனுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோ நைட்டியோ கொண்டுவாருங்கள், தலைக்கட்டுக்கு மேல் எதையும் மாட்ட முடியாது. வலிப்பை நேரில் பார்த்த ஆள்தான் துணைக்கு இருக்க வேண்டும். சித்தி அனுப்பிய சித்தப்பா வந்தால் எங்களுக்குப் பிரயோசனமில்லை.

டிஸ்சார்ஜ் அன்று ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எத்தனை வலிப்பு பதிவானது, அவை வீட்டில் வருபவைதான் என்று குடும்பத்தார் உறுதி செய்தார்களா, அப்போது எந்த மாத்திரை எந்த அளவில் ஓடியது. மனவழி வலிப்பு என்று வந்தால், மாத்திரையை அன்றே தூக்கி எறியாதீர்கள். ஃபீனோபார்பிட்டோன் மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இல்லாத வலிப்பும் வரும், டாக்டர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். மனநல மருத்துவரிடம் அனுப்பும் கடிதத்தை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள், நியூரோ டாக்டரிடமும் அடுத்த தேதி கேளுங்கள். "இது மூளை நோய் இல்லை, இனி எங்களிடம் வேலை இல்லை" என்று அனுப்பிவிடப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் வேறொரு அவசரப் பிரிவில், முதல் மாத்திரையில் இருந்து மறுபடி ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் வலிப்புப் பதிவின் வீடியோவையும் ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த ஆஸ்பத்திரியில் ஊசி எடுக்கும் முன் அதைக் காட்டலாம்.